உப்பு உதிர்ந்த கதவு

முள்ளுவிளையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உப்புக்குப் பஞ்சம் வந்ததில்லை. ஊருக்குக் கிழக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்புப் பாத்தி, மேற்கே பனங்காடு, நடுவில் நூற்றிருபது வீடு, அந்த நூற்றிருபது வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெயிண்டர், அவன் பெயர் சேர்மத்துரை. உப்புக்காற்று இரும்பைத் தின்றுகொண்டே இருக்கிற ஊர் என்பதால் அவனுக்கு வேலை ஓய்ந்ததே இல்லை, அவன் தேய்த்து அடிக்காத கதவென்று ஊரில் ஒன்றுதான் மிச்சம், அதுவும் அவனுடைய கூடப்பிறந்த அக்காள் பிரம்மசக்தி வீட்டு வாசல் கதவு. அதையும் அவன் அடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு தரம் அடித்தான், தேய்க்காமல் அடித்தான், அதுதான் வினையாகிப் போயிற்று.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்காள் வீடு கட்டிப் பால்காய்ப்பு வைத்தபோது, இரும்புத் தகடு வைத்து அடித்த அந்த இரட்டைக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிற பொறுப்பு தம்பி தலையில் விழுந்தது. அந்த வாரம் பார்த்து அவனுக்குக் கோயில் வேலை ஒன்று, பள்ளிக்கூட வேலை ஒன்று. அக்காள் வீட்டு வேலைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று துருவைச் சுரண்டாமல், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், ஒரே மூச்சில் ஒரு கோட்டுப் பச்சையை இழுத்துவிட்டுப் போனான். பால்காய்ப்பு அன்று அக்காள் அந்தக் கதவில் சாய்ந்து நின்றுதான் சொந்தபந்தத்தை எல்லாம் வா வா என்று கூப்பிட்டாள்; பந்தி பரிமாறத் திரும்பியபோது பட்டுச்சேலையின் முதுகுப்பக்கம் பூராவும் பச்சைச் செதிலாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சேர்மத்துரை இலை முன்னால் அப்போதுதான் உட்கார்ந்திருந்தான், இலை ஓரத்தில் அப்போதுதான் உப்பு வைத்திருந்தார்கள். அக்காள் சேலையை விரித்துக் காட்டி, சின்ன வயசிலிருந்து அவனைக் கேலி பண்ணுகிற அதே குரலில், "ஏல தொரை, நீ உப்புப் போட்டுத்தான சோறு திங்க?" என்று கேட்டாள்.

பந்தி மொத்தமும் சிரித்தது. வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவனும் சேர்ந்து சிரித்திருப்பான். இது ரோஷம் கெட்டவனிடம் கேட்கிற கேள்வி, அதுவும் நாற்பது பேர் நடுவில், அதுவும் கேட்டது நியாயம் என்று அவனுக்கே தெரிந்திருந்ததால் அது இரட்டிப்பாகக் காந்தியது. எழுந்து நின்று, "இனிமே ஒன் வீட்டு உப்பு எம் நாக்குல பட்டா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்று சபதம் போட்டான். அதே அப்பனுக்குத்தான் அக்காளும் பிறந்தாள் என்பதையெல்லாம் யோசிக்க நேரமில்லாமல் படி இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை. அத்தான் இறந்த அன்றுகூடத் தெருவில் நின்றான், பாடையைத் தூக்கித் தோள் கொடுத்துச் சுடுகாடு வரைக்கும் போனான், திரும்பி வந்து தெருவோடு தன் வீட்டுக்குப் போய்விட்டான்.

இந்த ஆவணியில் அக்காள் மகள் பொன்சுபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தாய்மாமன் கைப்பிடித்துக் கூட்டிவந்து மணவடையில் உட்கார வைக்காத பெண் முள்ளுவிளையில் இதுவரை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள், பெண்ணுக்கு மாமன் உண்டுமா என்று. பிரம்மசக்தி இரண்டு தரமும் "உண்டு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுக் காப்பி எடுக்க உள்ளே போய்விட்டாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் பொன்சுபா தானாகவே மாமன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாமான்னு கூப்பிட வரல. பெயிண்டர்னு கூப்பிட வந்திருக்கேன். கல்யாண வீட்டுக் கதவு இப்படி இருந்தா நல்லாவா இருக்கு?"

"ஒங்கம்ம சொல்லி விட்டாளா?"

"அம்மைக்குத் தெரியாது. மணவடைக்கு வாங்கன்னு நான் கேக்கல மாமா. கதவ அடிச்சுத் தாங்கன்னு மட்டுந்தான் கேக்கேன்."

கேட்காததைத்தான் அவள் கேட்கிறாள் என்பது அவனுக்கு விளங்காமல் இல்லை. இருந்தாலும் சபதம் உப்புக்குத்தானே ஒழிய வேலைக்கு இல்லை என்று ஒரு கணக்குப் போட்டு, "வேலைக்காரனா வாரேன். காப்பித் தண்ணின்னு ஒண்ணும் நீட்டக் கூடாது" என்று சொல்லி, மறுநாள் காலையில் தன் சாப்பாட்டுத் தூக்கையும் தன் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனான்.

கதவு அவன் விட்டுப்போன மாதிரியே இருந்தது, அதாவது மோசமாக இருந்தது. பச்சை பாதி, துரு பாதி, அங்கங்கே கொப்புளம். முதலில் பட்டித் தகட்டால் சுரண்டினான், கம்பிப் பிரஷால் உரசினான், பிறகு எண்பதாம் நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தான். துருத்தூள் என்றால் சிவப்பாக விழ வேண்டும், பெயிண்ட் தூள் என்றால் பச்சையாக விழ வேண்டும், இது வெள்ளையாகப் பொலபொலவென்று விழுந்தது. அதில் ஒரு துணுக்கு பறந்து வந்து அவன் மேலுதட்டில் உட்கார, வேலை செய்கிற மனுஷன் செய்கிற மாதிரி யோசிக்காமல் நாக்கை நீட்டி நக்கினான். உப்பு. நல்ல சாப்பாட்டு உப்பு. அப்போது மணி ஒன்பதரை, தெருவில் ஒருவரும் இல்லை. பதினோரு வருஷம் காத்த சபதம் ஒரு நக்கலில் போனது தெரிந்ததும் சட்டென்று தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த இழுப்பு இழுத்தான்.

பத்தரை மணிக்குள் கதவுக்குக் கீழே ஒரு மரக்கால் உப்பு சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டுச் செல்லத்தாய் குடத்தோடு வந்தவள் பார்த்துவிட்டு, எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கேட்கவில்லை, "அத மிதிச்சிராதீய, உப்பு லெட்சுமில்லா!" என்று குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போய் ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து கதவுக்கடியில் விரித்தாள். உப்பைச் சிந்தினால் செத்த பிறகு கண்ணிமையால் பொறுக்க வேண்டும் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு ஓலைப்பெட்டியோடு வந்து, ஏற்கெனவே சிந்தியதை முறத்தால் அள்ளி, கல் மண் புடைத்து, பெட்டி பெட்டியாக நிரப்பிச் சுவரோரம் வைத்தார்கள்.

டீக்கடைத் தெய்வேந்திரன் காதுக்குச் சேதி போனபோது அவன் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக்கூட நிறுத்தவில்லை. "உப்புத்தாள வச்சுத் தேச்சா உப்பு விழாம சீனியா விழும்?" என்றான். அதைக் கேட்டதும் கடையில் இருந்தவர்களுக்கு அதுவும் சரிதானே என்று பட்டது, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கொல்லன் தெருவில் ஊசியைக் கண்டு யார் வாய்பிளக்கப் போகிறார்கள். ஆனால் முள்ளுவிளைக்காரர்கள் வியக்க வேண்டியதை வியக்க மாட்டார்களே ஒழிய வழக்காட வேண்டியதை ஒருநாளும் விட மாட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டாகப் பிரிந்தது.

விழுகிற உப்பு தாளுடையதா, கதவுடையதா? தாள் அவன் கொண்டுவந்தது, ஆகவே உப்பு அவனுடையது, நாக்கில் பட்டாலும் சபதத்துக்குப் பங்கமில்லை என்றது ஒரு கட்சி. உதிர்வது கதவு, கதவு பிரம்மசக்தி வீட்டுக் கதவு, ஆகவே அது அவள் வீட்டு உப்பு, ஒரு பொட்டு உள்ளே போனாலும் ஆள் மாமனாகி மணவடைக்கு வந்து நின்றே ஆக வேண்டும் என்றது இன்னொரு கட்சி. இதில் செல்லத்தாய் ஒரு கை அள்ளிக்கொண்டுபோய் அன்றைக்கு ரசத்தில் போட்டிருந்தாள், உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்களே, இப்போது அவள் யாரை நினைப்பது, அக்காளையா தம்பியையா என்று அவளுக்கே பெரிய குழப்பமாகிவிட்டது.

மறுநாள் ஊர் சோதனையில் இறங்கியது. தெய்வேந்திரன் அதே உப்புத்தாளை வாங்கிக்கொண்டுபோய்த் தன் கடை ஷட்டரில் தேய்த்துப் பார்த்தான், கையெல்லாம் கறுப்பானதுதான் மிச்சம். திரும்பி வந்து பிரம்மசக்தி வீட்டுக் கதவிலேயே அதே தாளால் அவனே தேய்த்தான், சிவப்பாகத் துரு விழுந்தது. சேர்மத்துரை வாங்கித் தேய்த்தான், வெள்ளையாக உப்பு விழுந்தது. தாளுக்கும் இல்லை, கதவுக்கும் இல்லை, இந்தக் கை இந்தக் கதவில் பட்டால்தான் என்று ஆனபோது இரண்டு கட்சிக்கும் ஏமாற்றமாகப் போயிற்று, ஆனாலும் யாரும் தோற்கவில்லை என்பதால் அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசியில் உப்பளத்துக் கங்காணி பூலோகராஜைக் கூட்டிவந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கல்லை நாக்கில் வைத்தால் எந்தப் பாத்தி, எந்த மாசத்து விளைச்சல் என்று சொல்கிற ஆள். அவர் ஓலைப்பெட்டியில் கையைவிட்டு ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"இது பாத்தியில வெளஞ்ச உப்பு இல்ல" என்றார். "குழம்புல கெடந்துட்டு வந்த உப்பு. இந்தா, புளி தெரியுது. இதுல சாளை மீனு. இது..." இன்னொரு கல்லைப் போட்டுக்கொண்டார், "இது தீவாளிக்குச் சுட்ட முறுக்கு."

செல்லத்தாய்தான் மெல்ல, "ஒருத்தன் பங்குக்குப் போட்டு அவன் திங்காத உப்பு எங்கயாச்சும் போயித்தான ஆவணும்" என்று சொல்லிவிட்டுச் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். அப்படியானால் இது பிரம்மசக்தி வீட்டு உப்பேதான் என்று முடிவாயிற்று. அதன்பிறகு ஊருக்கு ஒரே வேலை, சேர்மத்துரையின் வாயைப் பார்ப்பது. துண்டு நழுவுகிறதா, உதட்டை நக்குகிறானா, எச்சில் விழுங்குகிறானா. "அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சிட்டுத் தேய்க்கலாம்லா?" என்று தெய்வேந்திரன் மணிக்கொரு தரம் துண்டை அவிழ்க்கப் பார்த்தான். சேர்மத்துரை தலையை மட்டும் ஆட்டினான். அவன் உறுதியைப் பார்த்துத் தாள் கட்சிக்காரர்கள்கூட, ரோஷக்காரன்யா என்று மெச்சினார்கள், ஒவ்வொரு மெச்சலும் அவனுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது, ஏனென்றால் முதல் நாள் ஒன்பதரை மணி அவனுக்குத் தெரியும்.

இன்னொரு கவலையும் இருந்தது. உப்பு உதிர்கிற இரும்பில் முதல் கோட்டாக அடிக்கிற பிரைமர் நிற்காது, அடித்தால் பத்தே நாளில் கொப்புளம் கட்டிவிடும். எண்பதாம் நம்பர் தாளில் தேய்த்தபோது கல்லுப்பாக விழுந்தது, நூற்றிருபதில் பொடியுப்பாக விழுந்தது, இருநூற்றிருபதில் மாவாகப் பறந்தது, நின்றபாடில்லை. அவன் எப்போதும் வேலையை முடித்துவிட்டுப் பெண்சாதியின் பழைய நைலான் சேலைத் துண்டைக் கதவில் போட்டு வழிப்பான், எங்கேயும் மாட்டாமல் வழுக்கிப் போனால்தான் அவன் கணக்கில் வழவழப்பு. இந்தக் கதவில் துணி இன்னும் மாட்டிக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்கு ஏழு நாள்; பிரைமர் காய ஒருநாள், பட்டி வைத்து மறுபடி தேய்க்க ஒருநாள், கோட்டுக்கு ஒருநாளாக இரண்டு கோட்டு. அவசரப்பட்டிருந்தால் மேலாக ஒரு துடைப்புத் துடைத்து அடித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த அவசரத்தின் பலனை அவன் இந்தக் கதவில் ஏற்கெனவே ஒருமுறை பட்டுவிட்டான்.

கதவு கடைசியில் எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடலாம்: கல்யாணத்துக்கு வந்த பெண்கள் அதில் முகம் பார்த்துத்தான் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள். அது பெரிய காரியமில்லை, நல்ல பெயிண்டர் யாரும் செய்வதுதான். பெரிய காரியம் அதற்கு முன்னால், மூன்றாம் நாள் மத்தியானம் நடந்தது.

சேர்மத்துரை வேப்பமர நிழலில் தன் தூக்கைத் திறக்கப் போகும்போது வீட்டுக்குள்ளிருந்து பிரம்மசக்தி வந்தாள். கையில் தட்டு, தட்டில் சோறும் மீன் குழம்பும். மூன்று நாளாக ஜன்னலுக்குப் பின்னாலேயே இருந்தவள், பதினோரு வருஷமாக அவனோடு ஒரு சொல் பேசாதவள், நேரே வந்து வாசல்படியில் தட்டை வைத்தாள். முறத்தோடு இருந்த பெண்கள் முறத்தோடு அப்படியே நின்றார்கள்.

"ஏல தொரை" என்றாள். குரல் கொஞ்சம் வயசாகியிருந்தது, மற்றபடி அதே குரல். "உப்புப் போடல. நீ தாராளமாத் திங்கலாம். ஒன் சபதத்துக்கு ஒண்ணும் வராது."

பின்னால் சோற்றுச் சட்டியோடு வந்த பொன்சுபா, "மூணு நாளா வீட்டுலயே உப்புக் கெடையாது மாமா. எங்களுக்கும் இதே சாப்பாடுதான். நீங்க என்னைக்காச்சும் பசின்னு கேட்டா, உப்புப் போட்ட சோறு மட்டும் இருந்துறக் கூடாதாம்" என்றாள்.

உப்பில்லாச் சோற்றை மூன்று நாள் தின்பது உப்பளத்து ஊரில் எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அவனுக்குத் தெரியும். சேர்மத்துரை துண்டின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், முடிச்சு இன்னும் இறுகியது, கடைசியில் துண்டை அப்படியே கழுத்துக்கு இழுத்துவிட்டான்.

"மொத நாளே நாக்குல பட்டுட்டுக்கா" என்றான். "ஒம்பதரைக்கு. யார்ட்டயும் சொல்லல."

"தெரியும். ஜன்னல்ல நின்னேன். நீ நாக்க நீட்டுனத நான் பாத்தேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "பொறவு ஏன் உப்பில்லாமச் சமைச்ச?"

"பாத்துட்டேன்னு நான் எப்பிடில சொல்லுவேன், மறுபடியும் ஊரு முன்னால வச்சு? நீயா சொன்னா சொல்லு, சொல்லலன்னா உப்பில்லாமயாவது தின்னுட்டுப் போன்னு விட்டுட்டேன்." அவள் கண்ணைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "ஒருதரம் பந்தியில வச்சுக் கேட்டது பத்தாதா?"

பதினோரு வருஷமாக இந்த அக்காள் மேல் கோபம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் அந்தக் கதவை ஒழுங்காகத் தேய்க்காத தன் மேலேயே இருந்த வெட்கம் என்று இப்போது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது, ஆனால் அவ்வளவு பெரிய பேச்சு அவனுக்கு வராது. "அன்னைக்கி நான் தேய்க்காமத்தான்க்கா அடிச்சேன்" என்று மட்டும் சொன்னான்.

"அதுந்தான் தெரியுமே" என்றாள் அக்காள். "செரி, ஆறுது. கையக் கழுவிட்டு வா."

சேர்மத்துரை தன் இரண்டு கையையும் பார்த்தான். முழங்கை வரைக்கும் வெள்ளை பூத்திருந்தது.

"பதினோரு வருசம் கை கழுவுனது போதும்க்கா" என்று சொல்லி, படி ஏறி உட்கார்ந்து, தட்டை மடிக்கு இழுத்து, அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்தான்.

தெருவே அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதல் கவளம் உள்ளே போனதும் பிரம்மசக்தி, எந்த வீட்டிலும் சமைத்தவள் கேட்கிறதைத்தான் கேட்டாள். "உப்பு எப்பிடிருக்கு?"

"கூடிப்போச்சு."

அவள் அவன் தட்டிலிருந்தே ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "கூடத்தான்" என்று சொல்லி, மகளிடமிருந்து சட்டியை வாங்கி இன்னொரு அகப்பைச் சோற்றைத் தட்டில் வைத்தாள். அவன் போதும் என்று கையை மறிக்கவில்லை.